மூன்றாவது ஆள்

நம்மவர்களுக்கு ஓட வராது என்று ஒரு கட்சி இருக்கிறது. அதற்குத் தலைவரும் கிடையாது, கொடியும் கிடையாது. ஆனாலும் பலமான கட்சி. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதன் அங்கத்தினர் இரண்டு பேராவது அகப்படுவார்கள். "நம்ம உடம்பு வாகு அப்படி, சார். சோறு தின்கிற உடம்புக்கு நூறு மீட்டர் எல்லாம் சரிப்படாது" என்பார்கள். சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார்கள்.

ஜப்பான்காரனும் சோறுதான் தின்கிறான், ஐயா! 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நான்கு ஜப்பானிய இளைஞர்கள் நாலு நூறு மீட்டர் தொடரோட்டத்தை 37.60 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். அன்றைய தேதி வரையில் அந்த நால்வரில் ஒருவர்கூடத் தனியாக ஓடி நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் முடித்தவர் அல்ல. அதே பந்தயத்தில் மூன்றாவதாக எல்லையைத் தொட்ட அமெரிக்கர்களிடம் வேகத்துக்குக் குறைவில்லை. முதல் கைமாற்றத்தைத் தப்பான இடத்தில் செய்ததால் நீக்கப்பட்டார்கள். எட்டு வருஷம் கழித்துப் பாரிஸில் மறுபடியும் அதே கதை. அந்த ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் அமெரிக்காவுக்கு. தொடரோட்டத்தில் தகுதி நீக்கமும் அமெரிக்காவுக்கு!

37.60-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 9.40 வருகிறது. உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் வைத்த உலக சாதனையே 9.58 தான். அப்படியானால் நாலு ஜப்பானியரும் போல்ட்டை மிஞ்சியவர்களா? இல்லை. முதல் ஆள் மட்டுமே நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறான். மற்ற மூவரும் கோல் கைக்கு வருகிறபோதே பாய்ச்சலில் இருக்கிறார்கள். பந்தயம் ஓடுவது மனிதர்கள் அல்ல; அந்தக் கோல்தான் ஓடுகிறது. மனிதர்கள் அதைச் சுமக்கிறார்கள், அவ்வளவே.

அந்தக் கோல் என்ன பெரிய செங்கோலா என்றால், அதுவுமில்லை. உள்ளே கூடான குழாய். 28-லிருந்து 30 சென்டிமீட்டர் நீளம். எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதைக் கைமாற்ற 30 மீட்டர் இடம் விட்டிருக்கிறார்கள். (2017 வரைக்கும் 20 மீட்டர்தான், அதற்கு முன்னால் 10 மீட்டர் சும்மா ஓடிக்கொள்ளலாம்.) முழு வேகத்தில் வருகிறவனுக்கு அந்த 30 மீட்டர் மூன்று விநாடி. வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வேகம் போயிற்று. அவன் தனக்குப் பின்னால் தரையில் இத்தனை அடி என்று அளந்து ஓர் அடையாளம் ஒட்டி வைத்திருப்பான். வருகிறவன் கால் அந்த அடையாளத்தைத் தாண்டியதும் இவன் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவன்போல ஓட வேண்டியதுதான். பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கையை நீட்ட வேண்டும். கோல் வந்து விழும் என்று நம்ப வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? ரத்தத்திலிருந்து வராது, சோற்றிலிருந்தும் வராது. ஒரே நாலு பேர் மாதக்கணக்கில் ஒன்றாக ஓடிப் பழகினால்தான் வரும். ஜப்பானில் தொடக்கப்பள்ளி விளையாட்டு விழாவிலேயே தொடரோட்டம் ஒரு பெரிய நிகழ்ச்சி. மற்ற நாட்டார் பெரும்பாலும் கோலை மேலிருந்து கையில் வைக்கிறபோது, அவர்களுடைய தேசியக் குழு கீழிருந்து மேலாகக் கொடுக்கிற முறையை விடாப்பிடியாகச் சாதகம் செய்கிறது. சாதகம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். நாகஸ்வரத்துக்கு அது வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற நாம் ஓட்டத்துக்கு மட்டும் பிறவி வாகு போதும் என்கிறோம்.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் நம் நால்வர் 38.89 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கினார்கள். நல்ல ஓட்டம். அந்த தேசிய சாதனை உடைய 15 வருஷம் பிடித்தது. 2025 ஏப்ரலில் சண்டிகரில் வேறு நால்வர் அதை 38.69 ஆக்கினார்கள். 15 வருஷத்தில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு! இடையே, 2021-இல், நைரோபியில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்கப் பையன்கள் 38.51-இல் ஓடி முடித்துவிட்டார்கள். நம் பெரியவர்களுடைய சாதனையைவிட அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேகம். அந்தப் போட்டியில் நூறு மீட்டர் தங்கம் போட்ஸ்வானா பையனுக்கு, 10.19 விநாடியில் போயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கேயும் பத்துக்குள் ஓடிய தேவகுமாரன் எவனும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குக் கால் இல்லையா? இருக்கிறது. அதே நைரோபியில் ஆணும் பெண்ணும் கலந்து ஓடும் நாலு நானூறு மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியாவுக்கு வெண்கலம். மறு வருஷம் காலியில் வெள்ளி. இரண்டு அணியிலும் பரத் ஸ்ரீதர் என்ற தமிழ்நாட்டுப் பையன் ஓடினான். ஆனால் 1986-இல் தொடங்கிய அந்த உலகப் போட்டியில் ஆண்களின் நாலு நூறு மீட்டரில் 2024 வரைக்கும் நமக்கு ஒரு பதக்கம்கூடக் கிடையாது. ஏன் இந்த வித்தியாசம்? நானூறில் கோல் கொடுக்க வருகிறவன் களைத்து வருகிறான். வாங்குகிறவன் திரும்பிப் பார்த்து வாங்கலாம். நூறில் பார்க்காமல் வாங்க வேண்டும். காலால் ஆகிற காரியத்தை நம் பிள்ளைகள் செய்துவிட்டார்கள். சேர்ந்து பழகினால் மட்டுமே ஆகிற காரியம் நின்றுபோயிருக்கிறது. அதற்கு இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

எப்படி இடம் கொடுக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். அம்பத்தூரில், திருவள்ளூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். பெயர் வேண்டாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நாலு பையன்கள் அங்கே தொடரோட்டம் பழகுவதை ஒரு கோடைகாலம் முழுக்கப் பார்த்தேன். கோல் என்று அவர்கள் வைத்திருந்தது பிளம்பர் அறுத்துக் கொடுத்த பி.வி.சி. குழாய்த் துண்டு. ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டம் வந்து ஓடுபாதையை அடைத்துக்கொள்ளும். ஒரு பெரியவர், "தம்பி, மோதப் போறே, ஓரமாப் போய் ஓடு" என்று அதட்டினார். ஓடுவதற்காகப் போட்ட கோட்டில் ஓடுகிறவனுக்கு ஓரமாம்! ஞாயிற்றுக்கிழமை மைதானம் வாடகைக்குப் போய்விடும். வாரத்தில் இருக்கிற இரண்டு விளையாட்டுப் பீரியடையும் கணக்கு வாத்தியார் 'கொஞ்சம் போர்ஷன் பாக்கி' என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவரிடம் பெற்றோர்கள் கேட்பது மார்க்கு ஒன்றைத்தான்.

நால்வரில் மூன்றாவதாக ஓடியவன் கெட்டிக்காரன். மூன்றாவது ஆள் வளைவில் ஓட வேண்டும். உள்கோட்டை ஒட்டி ஓட வலக் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். ஒருவனிடம் வாங்கவும் வேண்டும், ஒருவனிடம் கொடுக்கவும் வேண்டும். தப்புச் செய்ய இரண்டு சந்தர்ப்பம். புகழ் வாங்க ஒன்றுகூட இல்லை. நூலைத் தொடுகிறவன் படம்தான் பத்திரிகையில் வரும். நாவலாசிரியர்களின் உலகமும் அப்படித்தான், கதாநாயகனுக்குத்தான் அட்டைப்படம். அந்தப் பையனின் தகப்பனார் எஸ்டேட்டில் லேத் பிடிக்கிறவர். ஒரு நாள் காலையில் மகனைத் தேடி வந்தவர் என்னிடம் கேட்டார்: "நாலு பேர்ல ஒருத்தனா ஓடினா, அது இவன் ஓடினதா கணக்குல வருமா, சார்?"

வரும் என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி நம் சென்னையிலேயே, நேரு ஸ்டேடியத்தில் மூன்று நாள் நடந்தது. இந்தியாவுக்கு 21 தங்கம் உள்பட 48 பதக்கம். ஆவடி லோக்கலில் ஏறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். எங்கள் தெருவில் நான் விசாரித்த வரைக்கும் அப்படி ஒன்று நடந்தது ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில் யார் எந்தக் கையால் டாஸ் போட்டான் என்பது மட்டும் தெரியும்.

இலங்கைத் தமிழர்கள் தொடரோட்டத்தை 'அஞ்சல் ஓட்டம்' என்கிறார்கள். அழகான பெயர். பழைய திருவிதாங்கூரில் அஞ்சல்காரன் மணி கட்டிய கோலோடு ஓடுவான். வழியில் நிற்கிறவர்கள் விலகி இடம் விடுவார்கள். நம் மைதானத்தில் விலகுவதற்கு ஆள் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பையனுக்கு ஓட்டம் எதற்கு என்பார்கள். பாரிஸில் வெள்ளி வாங்கிய தென்னாப்பிரிக்கத் தொடரோட்டக் குழுவின் முதல் ஆள் பயாண்டா வலாசாவுக்கு அப்போது வயது 18. அதே மாதம் லிமாவில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்குப் போய் நூறையும் இருநூறையும் அவனே ஜெயித்தான். சரியாக அந்த வயதில் நாம் நம் பிள்ளைகளை மைதானத்திலிருந்து இறக்கி டியூஷனில் ஏற்றுகிறோம். ஏற்றிவிட்டு, நம்மவர்களுக்கு ஓட வராது என்கிறோம்!

நான் கேட்பது செயற்கை ஓடுதளமும் அல்ல, அயல்நாட்டுப் பயிற்சியாளரும் அல்ல. ஒரு பள்ளிக்கூடம் நாலு பிள்ளைகளைப் பொறுக்கி, ஒரு வருஷம் அந்த நாலு பேரையே கலைக்காமல் வைத்திருக்கட்டும். விளையாட்டுப் பீரியடில் விளையாட்டு நடக்கட்டும். காலை ஏழு மணி வரை ஓடுபாதையில் ஓடுகிறவன் மட்டும் இருக்கட்டும்.

ஜூலையில் அந்த லேத்காரர் மகன் டியூஷனில் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக வேறு ஒரு பையனை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல உயரம், நல்ல கால். தரையில் ஒட்டியிருந்த அடையாளம் மட்டும் பழையவனுக்கு அளந்ததாகவே இருந்தது. புதியவன் அதைப் பார்த்துக் கிளம்பினான். பின்னால் வந்தவனுக்கு எட்டவில்லை. குழாய்த் துண்டு தரையில் விழுந்து நடைக்காரர்கள் காலடியில் உருண்டது.