பரிமாறுகிறவர் தன்னவரானால்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலை கடல் பொங்கிப் பாலவாக்கம் முதலான கரையோரக் குப்பங்களுக்குள் புகுந்து வடிந்தபின், மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் அரிசியும் பாயும் பழந்துணியும் ஏற்றிய வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அணிவகுத்து வந்ததை, அந்நாளில் களத்தில் நின்ற நம் தொழில்துறைச் சகாக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காருண்யத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் முழு உண்மையாயிருந்தும், கொடுத்த பொருள் எவர் கையில் சேர்ந்தது, எவர் வாசலைத் தாண்டிப் போயிற்று என்ற கேள்வியை, பேரிடர்ப் பணியையும் உளநலப் பணியையும் ஜீவனமாகக் கொண்ட நாம் இன்னும் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதே நம் கவலை.

தமிழகக் கடற்கரையில் சுனாமி பறித்த உயிர்கள் ஏறத்தாழ எண்ணாயிரம். அவற்றில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அத்தகைய அழிவின் நடுவே, வெளியூரிலிருந்து வந்த தொண்டர்களுக்குக் கைகொடுத்தவை மீனவர்களின் ஊர்ப்பஞ்சாயத்துக்களே. குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து, தலைக்கட்டுக்கு இவ்வளவென வரி வாங்கி, கோயில் திருவிழாவையும் ஊர் வழக்குகளையும் கடலில் தொழில் செய்யும் ஒழுங்கையும் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த அந்தச் சபைகள், அரசு இயந்திரமே திகைத்து நின்ற நாட்களில் பிணங்களை அடையாளம் காட்டின. சோறு பொங்கிப் போட்டன. வந்த சாமான்களைச் சச்சரவின்றிப் பங்கிட்டன. டோக்கன் கொடுக்க வந்த தொண்டர் பயனாளிகளின் பட்டியல் கேட்டார். பஞ்சாயத்தார் தங்களிடம் இருந்த தலைக்கட்டுக் கணக்கை எடுத்துக் கொடுத்தார்கள். இருவரிடமும் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு துயரத்தை அளப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஊருக்கு உரியவர் யார் என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது.

புருஷனை இழந்து, கூடை சுமந்து மீன் விற்றுப் பிழைத்த பெண் பல ஊர்களில் அதில் முழுத் தலைக்கட்டாக இடம்பெறவில்லை. ஐஸ் உடைத்தும் மீன் சுமந்தும் கூலிபெற்ற தலித் தொழிலாளிக்கு மூழ்கிப்போக ஒரு படகு இல்லை. அவனுடைய நஷ்டம் வேலை. அதற்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது. கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளரோ மீனவர் என்றே எண்ணப்படவில்லை. நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் 2005-லேயே விரிவாக எழுதிவைத்தன. பின்னர் இக்கடற்கரைக் கிராமங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், ஊர்ப்பஞ்சாயத்து வலுவாக இருந்த இடங்களுக்கு உதவி விரைவாகவும் மிகுதியாகவும் வந்து சேர்ந்ததென்றும், அதே வலுவே விதவைகளையும் தலித்துக்களையும் வந்தேறிகளையும் வெளியே நிறுத்தியதென்றும் எடுத்துக்காட்டினார். இதை மீனவர்மீது சாட்டும் குற்றமாக எவரும் கொள்ளலாகாது. நகரத்தாரால் நெடுங்காலம் அலட்சியம் செய்யப்பட்ட அந்தச் சமூகத்தார், தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கட்டிய அரண் அது. அரணுக்கு உட்புறம் ஒன்று இருந்தால் வெளிப்புறமும் இருந்தே தீரும்.

பரிமாறுகிறவர் தன்னவரானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தாலும் குறையில்லை என்று நம் கல்யாண வீடுகளில் சொல்வதுண்டு. அந்த அனுபவ ஞானத்தை, 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலறிஞர் பரிசோதனைக்கு உட்படுத்தினார். இரண்டாம் உலக யுத்தத்தில் சிறைப்பட்டு, விடுதலையாகி வந்தபோது தம் உற்றார் உறவினரில் பெரும்பாலோர் யூதர் என்ற காரணத்தால் அழிக்கப்பட்டதை அறிந்த மனிதர் அவர். பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுவர்களை, திரையில் மின்னி மறைந்த புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டவர், குறைத்து மதிப்பிட்டவர் என்றும், பிறிதொரு சோதனையில் கிளே, காண்டின்ஸ்கி ஆகிய இரு ஓவியர்களில் ஒருவரை விரும்பியவர், மற்றவரை விரும்பியவர் என்றும் இரண்டாகப் பிரித்தார். பிரிவினையோ உண்மையில் கண்மூடி எடுத்த சீட்டுக்குச் சமம். தம் குழுவில் இன்னார் இருக்கிறார் என்றுகூட அறியாத அச்சிறுவர்கள், தமக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ள வழியில்லாதபோதும், பிறருக்குப் பணம் பங்கிடச் சொன்னால் தம் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அது கூடுதலாயிருக்க வேண்டும் என்றே பலர் தேர்ந்தனர்! சாதியும் மதமும் பாஷையும் இல்லாமலே, ஒரு நொடியில் பிறந்த பக்ஷபாதம் இது. நூற்றாண்டுகள் வேரோடிய சாதி இருக்கும் இடத்தில் அதன் கனம் எத்தனையாக இருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

மனிதனின் சுபாவமே இதுதான் என்று கைகழுவிவிடவும் இடமில்லை. மார்க் லெவின் என்பவரும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் அபிமானிகளான இளைஞர்கள், வழியில் இடறி விழுந்தவன் தம் அணியின் சட்டை அணிந்திருந்தால் ஓடிச்சென்று உதவினர். எதிரணியான லிவர்பூலின் சட்டை அணிந்திருந்தால் பெரும்பாலும் உதவவில்லை. கால்பந்து ரசிகர்கள் என்ற பொது அடையாளத்தை முன்னதாக நினைவூட்டியபோதோ, எதிரணிச் சட்டைக்காரனுக்கும் உதவி கிட்டியது. எந்த அணியின் சட்டையும் அணியாதவனே அப்போது பெரும்பாலும் விடப்பட்டான். தன்னவர் என்ற வட்டத்தை விரிக்க முடியும் என்பதை மேற்கோள் காட்டிப் பயிற்சி வகுப்புகள் நடத்தும் நம் துறையினர், விரிந்த வட்டத்துக்கும் ஒரு விளிம்பு உண்டு என்ற இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது வருந்தத்தக்கது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் யாரையும் பேர் கேளாமல் திறந்து, சென்னைவாசிகள் என்ற ஒரே வட்டம் உருவானதைக் கண்டு மகிழ்ந்தோம். வெளிமாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, கையுறைகூடச் சரிவரக் கிடைக்காமல் நம் தெருக்களின் சேற்றையும் குப்பையையும் அள்ளிய தூய்மைப் பணியாளர்கள் அந்த வட்டத்துக்குள் இருந்தார்களா?

ஆகவே, தொண்டர்களுக்கு அன்பை உபதேசிப்பதைவிடப் பட்டியலைச் சீர்செய்வது பயன்தரும் என்பது நம் தீர்மானமான கருத்து. தன்னவரை நேசிப்பவன் கெட்டவனல்லன். அந்த நேசம் இல்லாவிட்டால் முதல் நாள் சோறுகூடப் பொங்கியிராது. ஆனால் உபகாரத்துக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முழுவதையும் அந்த நேசத்தின் கையில் ஒப்படைத்துவிடக்கூடாது. ஊரார் தரும் பட்டியலை நன்றியோடு வாங்கிக்கொள்வோம். அதோடு நில்லாமல், ரேஷன் அட்டை இல்லாதவர், வாடகைக்குக் குடியிருப்பவர், தனித்து வாழும் பெண்கள், கூலிக்குப் போகிறவர் ஆகியோரைத் தேடி எழுதும் இரண்டாம் பட்டியல் ஒன்றை, அந்த ஊருக்கும் சாதிக்கும் சம்பந்தமில்லாத பணியாளரைக்கொண்டு தயாரிப்போம். இழந்த உடைமையை மட்டும் கணக்கிடாமல் இழந்த வேலைநாட்களையும் கணக்கிடுவோம். விநியோகத்தைக் குப்பத்தின் நடுவிலுள்ள கோயில் வாசலில் தொடங்காமல், ஊர்க்கோடியிலிருந்து தொடங்குவோம். நம் ஸ்தாபனங்களுக்கும் தமக்கென்று ஓர் ஊர், ஒரு பழைய மாணவர் சங்கம், பழகிய ஒரு தலைவர் என்று தன்னவர் உண்டாதலால், இந்தச் சோதனை நம்மிலிருந்தே ஆரம்பமாகட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குமுன் வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நிறுவனத்தின் சென்ற ஆண்டு நிவாரணப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் பெயரில்லாத ஒரு தெருவுக்கு நேரில் சென்று, விடுபட்ட குடும்பங்களையும் விடுபட்ட காரணத்தையும் எழுதி எமக்கு அனுப்ப வேண்டுகிறோம். அடுத்த இதழை அக்குறிப்புகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.