பெட்டிக்குள் ஓர் அருவி

சென்ற சித்திரையில் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி மகன் எனக்கு ஒரு கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற சிறிய பெட்டி. பைக்குள் போட்டுக்கொண்டு எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம். முள் கிடையாது. தலையிலுள்ள பித்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் மணி சொல்கிறது. குறித்த நேரத்தில் எழுப்பியும் விடுகிறது. அது கூடப் பெரிய அதிசயமில்லை. பக்கவாட்டில் இன்னொரு பித்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மழை பெய்கிறது. மறுபடி அழுத்தினால் கடல் இரைகிறது. மூன்றாம் முறை அழுத்தினால் அருவி விழுகிறது.

"பெரியப்பா, உங்களுக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுன்னு அம்மா சொன்னாங்க. அருவிச் சத்தத்தை வச்சுட்டுப் படுங்க. பத்தே நிமிஷம்; தூங்கிருவீங்க" என்றான்.

பையனுடைய அன்பைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் நான் குடியிருப்பது ஆலங்குளத்தில். பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றாலத்துப் பேரருவியின் முன்னால் போய் நிற்கலாம். ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வரும் காற்று எங்கள் பக்கத்துப் பனைமரங்களை உலுக்கி, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுத்தான் கிழக்கே போகிறது. குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று. அந்தக் காற்றில் திண்ணையில் பாயை விரித்துப் படுத்தவனுக்கு ஒரு காலத்தில் தூக்கத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், அருவியைப் பெட்டியில் அடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் நிலை ஏன் வந்தது? அதைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். ஊரில் எனக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச மரியாதையில் ஒரு பங்கு குறையவும் கூடும். போகட்டும்.

அன்று இரவே பெட்டியைப் பரீட்சை செய்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த தெருக் கோயிலில் கொடை. எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே இருந்த மின்கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மணி பதினொன்று. நான் அருவியைத் திறந்துவிட்டேன். குழாய் கேட்டது; அருவி கேட்கவில்லை. அருவியை முழு அளவுக்கு உயர்த்தினேன். இப்போது இரண்டும் கேட்டன. பக்கத்து அறையிலிருந்து என் மனைவி எழுந்து வந்து, "வெளியிலே ஒண்ணு போதாதுன்னு வீட்டுக்குள்ளேயும் ஒண்ணா?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. தூங்குகிறவனை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவைவிட அதன் மாறுதல்தான். நிசப்தத்தின் நடுவே ஒரு தகரம் விழுந்தால் திடுக்கிடுகிறோம். அருவியைப் போலவோ மழையைப் போலவோ ஏற்றத்தாழ்வு இல்லாத ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால், சின்னச் சின்னச் சத்தங்கள் அதற்குள் மறைந்துபோகின்றன. 1962-இல் அமெரிக்காவில் ஜிம் பக்வால்டர் என்ற பயண வியாபாரி, ஒரு மோட்டாரையும் சில விசிறி இதழ்களையும் வைத்து இத்தகைய தூக்கப் பொறியைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பேரப்பிள்ளைதான் என் தலைமாட்டில் இருப்பது. பக்கத்து அறைக் குறட்டைக்கும், சொட்டுகிற குழாய்க்கும் அது நல்ல மருந்து. மின்கம்பத்து ஒலிபெருக்கிக்கு மருந்தாக வேண்டுமானால், அது அந்த ஒலிபெருக்கிக்குச் சமமாக அலற வேண்டும். நோயும் சத்தம், மருந்தும் சத்தம் என்றால் நோயாளி என்ன ஆவான்?

கடிகாரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1787-இல் அமெரிக்காவில் லீவை ஹட்சின்ஸ் என்ற கடிகாரத் தொழிலாளி, விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் அடிக்கிற அலாரம் ஒன்றைச் செய்துகொண்டார். தாம் எழ வேண்டிய நேரம் நாலு மணி என்பது அவர் வைத்திருந்த நியதி. அதனால் வேறு எந்த மணிக்கும் அதைத் திருப்பிவைக்க வழி செய்யவில்லை. அதை விற்றுப் பணம் பண்ணவும் அவர் நினைக்கவில்லை. நினைத்த நேரத்துக்குத் திருப்பிவைக்கும் அலாரத்துக்கு 1847-இல் பிரான்சில் அந்துவான் ரெதியே காப்புரிமை பெற்றார். ஹட்சின்ஸை நினைத்தால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை ஏற்படுகிறது. நாலு மணிக்கு எழ வேண்டும் என்று தீர்மானித்த மனிதர், தம்மை எழுப்ப ஏற்பாடு செய்துகொண்டாரே தவிர, தம் தெருவையே எழுப்பவில்லை. நம் ஊர்ப் பக்திமான்களோ தாங்கள் எழுந்துவிட்ட செய்தியை மூன்று தெருவுக்குச் சொல்லாமல் ஒரு நாளையும் தொடங்குவதில்லை.

இதை ஒரு மதத்தைக் குறித்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம், கலியாண வீடு, காதுகுத்து, பூப்பு நீராட்டு என்று குழாய் கட்டாத இடம் எது? போதாக்குறைக்கு, திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் பல ராகத்தில் ஊளையிட்டுக்கொண்டு போகிற பஸ்கள். அப்படிப்பட்ட ஹாரன் கூடாது என்று 1989-இன் மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. எழுதியது எழுத்தாகவே இருக்கிறது.

எனக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆச்சி இருக்கிறார். எண்பத்தைந்து வயது. தெருவே அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடும். கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து பத்து வருஷமாகப் பார்வை இல்லை. எனக்குப் பயன்படாத பெட்டி அவருக்காவது பயன்படட்டும் என்று ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனேன். பித்தானை அழுத்தினேன். "த்ரீ ஃபிஃப்டீன் பீ.எம்." என்றது பெண் குரல்.

"என்ன தம்பி சொல்லுது?" என்று கேட்டார் ஆச்சி.

"மணி மூணேகால்னு சொல்லுது ஆச்சி."

"யாருக்குச் சொல்லுது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1933-இல் பாரிஸ் வானாய்வு நிலையம் தொலைபேசியில் மணி சொல்லும் கடிகாரத்தை அமைத்தபோது, அது பிரெஞ்சு பேசியது. 1936-இல் லண்டனில் அமைத்தபோது ஆங்கிலம் பேசியது. கேட்கிறவன் மொழியில் சொன்னால்தானே சொன்னதாகும்? நம் பாளையங்கோட்டையில் 1890-லேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. காகிதத்தில் குத்திய புள்ளிகள் தமிழ் பேசி இத்தனை காலம் ஆகிவிட்டது. அருவியைப் போலவும் கடலைப் போலவும் பேசத் தெரிந்த இந்தப் பெட்டிக்கு, "மணி மூணேகால்" என்று சொல்லத் தெரியவில்லை. கைப்பேசிக்குத் தமிழ் தெரியும் என்பீர்கள். தெரியும்தான். ஆனால் வழுக்குகிற கண்ணாடிப் பரப்பில் எங்கே தொடுவது என்று எண்பத்தைந்து வயது விரலுக்குத் தெரிய வேண்டுமே!

ஆச்சி சிரித்தார். "இது இல்லாமலே எனக்கு மணி தெரியும் தம்பி. முத பஸ்ஸு போற சத்தம் கேட்டா மணி நாலரை. பால்காரன் சைக்கிள் ஸ்டாண்டு போட்டா அஞ்சே கால். எதுத்த வீட்டுப் பிள்ளைக சுளகைத் தட்டிப் பீடி சுத்த உக்காந்தா எட்டு" என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மணி சொல்லக் கொண்டுபோனது, தெருவையே கடிகாரமாக வைத்திருக்கும் ஒருவருக்கு.

பேச்சுவாக்கில் என் விரல் பக்கத்துப் பித்தானில் பட்டுவிட்டது. மழை பெய்யத் தொடங்கியது. "ஐயோ, மழையா! கொடியிலே துணி கிடக்கே!" என்று ஆச்சி சுவரைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, இது மழை இல்லை, பெட்டி என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காதை வச்சுத்தானே தம்பி நான் நடமாடுதேன். அதுகிட்டே பொய் சொன்னா நான் எங்கே போவேன்?" என்றார்.

தொடர்ந்து அவரே சொன்னதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணத்தைத் தந்தது. "மத்த நாளெல்லாம் சமாளிச்சுக்கிடுவேன். குழாய் கட்டிட்டாங்கன்னா எனக்கு ராத்திரி எது, விடியல் எதுன்னே தெரியாது. வாசல் எந்தப் பக்கம்னுகூடச் சில சமயம் தடுமாறுது. ரெண்டாந் தடவையும் கண்ணு போன மாதிரி இருக்கும்."

உங்களுக்கும் எனக்கும் ஒலிபெருக்கி ஒரு தொந்தரவு. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, மறுநாள் மத்தியானம் தூங்கிச் சரிக்கட்டிவிடலாம். ஆச்சிக்கு அது இருக்கிற ஒரே கண்ணையும் பொத்துகிற கை. ஆயிரம் பீடி சுற்றிவிட்டுப் பதினொன்றுக்குப் படுத்து, நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டிய பெண்ணுக்கு அது கூலியில் பிடித்தம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது மதிப்பெண். இவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் கொடுத்து அருவியைத் திறந்துவிடுவதா பரிகாரம்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பது கணக்கு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. சமய, கலாசார விழாக்களுக்காக மாநில அரசு சலுகை தரலாம். அதுவும் ஆண்டுக்குப் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரைக்கும்தான். பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேசுவதற்கு ஒருவனுக்கு உரிமை இருப்பது போலவே, கேட்க மறுப்பதற்கு மற்றவனுக்கும் உரிமை உண்டு என்று 2005 ஜூலையில் மறுபடியும் சொன்னது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"கொடை என்றால் சத்தம் இல்லாமலா? நம் பாட்டன் காலத்திலேயே விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். நடந்தது. சிறுவயதில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் கதைகளில் ஏதாவது உயிர் இருந்தால் அதில் வில்லுக்கும் உடுக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் மனிதத் தொண்டையும் குடமும் வில்லும் எழுப்பும் ஓசைக்கு ஓர் எல்லை இருந்தது. கேட்க விரும்பியவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனான். விரும்பாதவன் வீட்டில் படுத்தான். பாடுகிறவர்கள் தங்கள் பாட்டின் பலத்தால் கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. குழாய் வந்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது. இப்போது பந்தலில் பத்துப் பேர். பாயில் புரளுகிறவர்கள் ஆயிரம் பேர். கலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, கலைஞனுக்கு எதிரே உட்காருகிற ரசிகனைத்தான் துரத்தியிருக்கிறோம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. என் மகள் கலியாணத்துக்கு முதல் நாள் இரவு, எங்கள் வீட்டு வாசலிலும் குழாய் கட்டினோம். நள்ளிரவு தாண்டியும் சினிமாப் பாட்டு முழங்கியது. "நிறுத்திவிடலாமே" என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கலியாண வீடு கலகலப்பாக இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன். ஆச்சிக்கு அப்போதே பார்வை போய்விட்டது. மறுநாள் காலையில் வந்து மணமக்களை வாழ்த்தினார். இரவு எப்படிக் கழிந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் ஊர்களில் இந்தக் காரியம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. இன்று நான் பொறுத்துக்கொள்கிறேன், நாளை நீ பொறுத்துக்கொள் என்று ஒருவர் வீட்டுத் தூக்கத்தை இன்னொருவர் கடனாக வாங்குகிறோம். நடுவில், கடன் வாங்கவே செய்யாத ஆச்சியைப் போன்றவர்கள் எல்லோருக்குமாகக் கட்டித் தீர்க்கிறார்கள்.

ஆகையால் பெட்டியை விற்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு சமாதானம் அடைந்துவிடுகிற நம் மேல்தான் கோபம். குடிதண்ணீர் கெட்டபோது குழாயைச் சரிசெய் என்று கேட்காமல் போத்தல் தண்ணீர் வாங்கினோம். இப்போது இரவு கெட்டுப்போனதும் அருவியைப் பெட்டியில் வாங்குகிறோம். காசு உள்ளவன் கதவை அடைத்துக்கொண்டு பொய் மழையில் தூங்குவான். மற்றவர்கள் விழித்திருப்பார்கள். விழித்திருப்பவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டியவன் தூங்கப் போய்விட்டால், யார்தான் கேட்பது?

பெட்டி இப்போது ஆச்சியிடம்தான் இருக்கிறது. கொடை நாட்களில் காதோடு வைத்துக்கொள்வதற்காக, எதிர்த்த வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் ஆங்கில எண்களைப் பன்னிரண்டு வரைக்கும் கற்றுக்கொண்டுவிட்டார். அந்த மழைப் பித்தானின் மேல் மட்டும் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கொடைக்கு வரி கேட்டு வருவார்கள். கட்டாயம் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் அவர்களை ஆச்சி வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப்போய், பத்து மணிக்குக் குழாயை அணைப்பீர்களா என்பதை அவர் முன்னால் சொல்லச் சொல்வேன். "ஊருக்கு ஒத்தது உங்களுக்கு மட்டும் ஒவ்வாதா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்கலாம். அந்தக் கேள்வியை ஆச்சியிடம் கேட்க அவர்களுக்கு வாய் வராது என்றே நம்புகிறேன். உங்கள் தெருவிலும் ஓர் ஆச்சி இருப்பார். அவர் வீடு எது என்று விசாரித்து வையுங்கள்.