முதலில் தாக்கப்பட்டவர்கள் யார்?

திருத்தணியைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் நகரி; அதனை அடுத்துப் புத்தூர். 2013 அக்டோபர் 5 அன்று அங்கு ஒரு வீட்டைத் தமிழகக் காவல்துறை முற்றுகையிட்டு, தேடப்பட்டுவந்த இருவரைக் கைது செய்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் 'இஸ்லாமியத் தீவிரவாதம்' என்ற ஒற்றைச் சொல் போதுமானதாகிவிடுகிறது. அச்சொல் விளக்குவதைவிட மறைப்பதே அதிகம்.

பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1993இல் தோன்றிய அல்-உம்மா உள்ளூர்ப் பழிவாங்கலை முன்வைத்தது. 1997 கோவைக் கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்; 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அடுத்த தலைமுறைக் குழுக்களின் அரசியல் வேறு. 2014 பிப்ரவரியில் அல்-கொய்தா, ஐஎஸ் அமைப்புடனான உறவை முறித்தது. ஷியாக்களையும் சூஃபிகளையும் வலிந்து தாக்க வேண்டாம் என்று அதன் தலைவர் ஜவாஹிரி 2013இலேயே அறிவுறுத்தியிருந்தார். மக்களின் ஆதரவை இழக்கக் கூடாது என்பது அவரது கணக்கு. ஐஎஸ்ஸோ மாற்றுக் கருத்துடைய முஸ்லிமையே முதல் எதிரியாக்கியது. நிலப்பரப்பை இழந்தபின், உள்ளூர்ச் சிறுகுழுக்களின் தாக்குதல்களைத் தன் பெயரில் உரிமை கொண்டாடியது.

இதன் விளைவைக் காத்தான்குடி கண்டது. 2017இல் சஹ்ரான் ஹாசிமின் குழு அங்கு சூஃபி முஸ்லிம்களைத் தாக்கியது. முஸ்லிம்களே அவரைப் பற்றி அதிகாரிகளிடம் எச்சரித்தனர். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்னெச்சரிக்கைகள் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிக்கும் அரசு, அச்சமூகத்திற்குள்ளிருந்து எழும் எச்சரிக்கையைக் கேட்கும் திறனை இழக்கிறது. சந்தேகத்தையே சான்றாக்கும் சட்டமும் அவ்வாறானதே. உபா சட்டத்தின் 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மையெனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். அதே சட்டத்தின் கீழ்தான் ஆனந்த் டெல்டும்ப்டே 2020இல், அம்பேத்கர் பிறந்தநாளில் சிறைப்பட்டார். 2022 நவம்பரில்தான் பிணையில் வெளிவந்தார்.

சக முஸ்லிமை மதவிரோதியென முத்திரை குத்தும் ஆயுதக் குழுக்களை நாம் சமரசமின்றி எதிர்க்கிறோம். ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் அரசியலையும் அதே உறுதியோடு எதிர்க்கிறோம். பிறப்பையே குற்றமாக்கும் நீதியின் சுமையைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்கள் நாம். செயலுக்கு விசாரணை, சான்றுக்குத் தண்டனை: நம் கோரிக்கை இவ்வளவே.