பிளஸ்-1 பாடத்துக்கு 'டிமிக்கி' கொடுக்கலாமா?

பிளஸ்-1 வகுப்புக்கு இனி பொதுத்தேர்வு கிடையாது. 2025-26 கல்வி ஆண்டு முதல் ரத்து என்று தமிழக அரசு அறிவித்துவிட்டது. பெற்றோருக்கு நிம்மதி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

10, 11, 12 என்று மூன்று வருடம் வரிசையாகப் பொதுத்தேர்வு எழுதினால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? ரத்து செய்தது சரிதான். ஆனால் பரீட்சையோடு சேர்ந்து பாடமும் போய்விடக் கூடாதே! அதுதான் இப்போது கவலை.

பழைய தில்லுமுல்லு

தமிழ்நாட்டில் பிளஸ்-2 முறை வந்தது 1978-ல். அதற்கு முன் கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. படித்துவிட்டுத்தான் பட்டப்படிப்புக்குப் போகவேண்டும். பிள்ளையைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் அந்த வேலை பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது. படிப்பு 2 வருடம். பொதுத்தேர்வோ கடைசி வருடத்துக்கு மட்டும்.

விளைவு? பல பள்ளிகளில் பிளஸ்-1 புத்தகத்தைத் தொடவே இல்லை. பிளஸ்-2 பாடத்தையே 2 வருடம் உருப்போட வைத்தார்கள். மார்க் கொட்டியது. வாசலில் பேனர் தொங்கியது.

இதைத் தடுக்கத்தான் 2017-ல் பிளஸ்-1 பொதுத்தேர்வை அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. இப்போது அந்தப் பூட்டைக் கழற்றியாகிவிட்டது. காவலுக்கு ஆள் வேண்டாமா?

திருதிரு முழி!

"ஒரு வருடப் பாடத்தை விட்டால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். முழுகத்தான் செய்யும்!

கணக்குப்பதிவியலையே பாருங்கள். பற்று எது, வரவு எது, பேரேட்டில் எப்படி ஏற்றுவது எல்லாம் பிளஸ்-1 பாடம். கூட்டாளிக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் பிளஸ்-2 பாடம். முதல் புத்தகத்தைத் தாண்டியவன் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவான். அவனைக் கடையில் உட்கார வைத்துப் பேரேடு எழுதச் சொன்னால் திருதிருவென்று முழிப்பான்.

விஞ்ஞானப் பிரிவிலும் இதே கதைதான். கால்குலஸ் கணக்கின் அரிச்சுவடி பிளஸ்-1ல்தான் இருக்கிறது. அது தெரியாதவன் என்ஜினீயரிங் முதல் வருடத்திலேயே 'அரியர்ஸ்' வைப்பான். 'நீட்' தேர்விலும் பிளஸ்-1 பாடம் உண்டு.

யாருக்கு அடி?

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனில் சரிக்கட்டிவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வகுப்பை விட்டால் வேறு கதி ஏது? அந்தப் பிள்ளைகளுக்காக மருத்துவப் படிப்பில் 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2021-ல் என்ஜினீயரிங்குக்கும் வந்தது. சீட் கிடைத்தால் மட்டும் போதுமா? கிடைத்த இடத்தில் நிலைத்து நிற்க அஸ்திவாரம் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மறுபடியும் பொதுத்தேர்வு வேண்டாம். கண்காணிப்பு வேண்டும். கல்வி அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் பிளஸ்-1 வகுப்புக்குள் நுழைய வேண்டும். நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தேர்வு விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர் திருத்தட்டும். ஏமாற்றிய பள்ளி எதுவானாலும் நடவடிக்கை பாய வேண்டும். அரசுப் பள்ளியில் பாடம் எடுக்க ஆசிரியர் இல்லை என்ற பேச்சே வரக்கூடாது. ஜூன் மாதமே ஆள் போட வேண்டும்.

பெற்றோரும் சும்மா இருக்கக் கூடாது. பிளஸ்-1 படிக்கும் பிள்ளையின் பையை இன்று இரவே திறந்து பாருங்கள். உள்ளே பிளஸ்-2 புத்தகம் இருந்தால், நாளைக் காலையில் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நியாயம் கேளுங்கள்!