பேசும் பேசும் என்று பொறுத்திருக்கலாமா?



"இவன் மாமனும் நாலு வயசில்தான் பேசினான். இவனும் பேசுவான், விடு." தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இராது. தாமதமாகப் பேசி, பிறகு நன்றாகத் தேறிவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் காது கேளாமை, கைகால் இறுக்கம், மூளை வளர்ச்சிக் குறை, ஆட்டிசம் ஆகியவை தாமாகச் சரியாவதில்லை. நாம் பொறுத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை எளிதாகக் கற்றுக்கொள்ளும் பருவம் கைநழுவிப் போகிறது.

சிங்கப்பூரில் தேக்காவுக்குப் போய் வந்தவர்கள் புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்ற பழைய பெயரின் சுருக்கமே அது. 1924இல் பிரசவ மருத்துவமனையான அங்கே 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது உலக சாதனை! 1997இல் புதுக் கட்டடத்துக்கு மாறிய அம்மருத்துவமனையில், இன்று குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது.

அங்குள்ள ஏற்பாட்டைக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சுகாதாரப் புத்தகம் தருகிறார்கள். தடுப்பூசி விவரத்தோடு, எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஐயம் எழுந்தால் பாலிகிளினிக்கிலிருந்து நிபுணரிடம் அனுப்புகிறார்கள். தேவைப்பட்டால் ஏழு வயதுக்குள் பயிற்சி நிலையத்தில் சேர்க்கிறார்கள். கட்டண உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. 2019இல் கட்டணமும் குறைந்தது. கடுமையான குறையுள்ள பிள்ளைகளும் அதே ஆண்டு முதல் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்தார்கள்.

இதில் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. படித்த தாய் தானாகவே நிபுணரைத் தேடிப் போவாள். படிக்காத தாய்க்கு நோயின் பெயர்கூடத் தெரியாது. ஊசி போடப் போகும் இடத்திலேயே வளர்ச்சியையும் பார்த்துவிட்டால் இருவர் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு கிடைக்கிறது.

ஆனாலும் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. வாரந்தோறும் பயிற்சிக்குப் போனால் நாள்கூலிக்காரருக்குச் சம்பளம் போகும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் வேறு மொழியில் கேள்வி கேட்டால், தெரிந்ததற்கும் விழிக்கும். பஸ் செலவு, மொழி, வேலைக்கு விடுப்பு ஆகிய மூன்றும் கிடைத்தால்தான் ஏழைப் பிள்ளைக்கு வைத்தியம் உண்மையிலேயே கிடைத்ததாகும்.

நம் மலேசியாவிலும் வழி இருக்கிறது. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் தரும் குழந்தைப் புத்தகத்திலும் வளர்ச்சிப் பக்கங்கள் உண்டு. ஊசி போட்ட தேதியை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஊருக்குள்ளேயே பயிற்சி தரும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி, பல ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. குறையுள்ளவர்களுக்கான சட்டம் 2008இல் வந்தது. சமூக நல இலாகாவில் பதிந்து அட்டை பெறுவது பிச்சை அல்ல, பிள்ளையின் உரிமை.

கவனிக்க வேண்டியவை இவை: ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராதது, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் நடக்காதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது. முன்பு பேசிய பேச்சை எந்த வயதில் மறந்தாலும் உடனே காட்டுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தால் குறை இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். யார் சாபமோ என்று அழவும் வேண்டாம். அடுத்த முறை மருந்தகம் போகையில் நர்ஸிடம், "பிள்ளையின் வளர்ச்சியையும் காதையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேத்தியை நாளெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் கூட அழைத்துப் போங்கள். அவருக்குத் தெரிந்தது டாக்டருக்கும் தெரியாது.