கடலடிக் காணியும் வரகுக் கணக்கும்

குருநகரில ஆராவது வரகு விதைச்சுப் பார்த்திருக்கிறியளா? வலை காயும், கருவாடு காயும். வரகு? ஆனா எங்கட வீட்டுக் காணி உறுதியை விரிச்சால் என்ன கிடக்குது தெரியுமோ? ‘ஒரு பரப்பு வரகு, ஏழு குழி.’

சரி, பூட்டன் காலத்துக் கணக்கு. இருந்திட்டுப் போகட்டும். 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு எண்டு குடாநாட்டுக்குள்ள ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. காணி ஆனையிறவைத் தாண்டினால்தான் கரைச்சல். கொழும்பு பாங்குக்காரருக்குப் பேர்ச்சஸில வேணும்: 13.89. சேவையரின்ர பிளானில ஹெக்டெயர்: 0.0351. ரொறன்ரோவில இருக்கிற அண்ணைக்கு ஸ்குயார் ஃபீட்: 3,781. சென்னையில இருக்கிற மச்சான், “அது எத்தனை சென்ட் வரும்?” எண்டு கேக்கிறார். மண் அங்கயேதான் கிடக்குது ஐயா. நாங்கள்தான் கல்குலேட்டரோட அலையிறம்.

இதுக்குள்ள இன்னொரு பகிடி. பரப்பு எண்டால் ஒரே பரப்பு இல்லை. வரகுப் பரப்பு ஏக்கருக்கு 16, நெற்பரப்பு 24. வரகுப் பரப்பு 10 பேர்ச்சஸ், நெற்பரப்பு ஏழுகூட இல்லை. இங்கிலீசு உறுதியில வரகுக்கு வி.சி., நெல்லுக்குப் பி.சி. எண்டு ரெண்டே ரெண்டு எழுத்துத்தான் இந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொண்டு நிக்குது.

அந்த ரெண்டெழுத்தைத்தான் எங்கட உறுதியை இங்கிலீசாக்கின மனுசன் விழுங்கிவிட்டார்! காசு வாங்கி, சீல் குத்தி, கையெழுத்தும் வைச்சுத் தந்தவர். மதிப்புப் போட வந்தவர் 24ஆல பிரிச்சார். காணியில மூண்டிலொரு பங்கு பேப்பரிலயே கரைஞ்சு போச்சு. கேட்டால், “சின்ன வித்தியாசம்தானே, அண்ணை.” பரப்புக்கு 907 சதுர அடி சின்ன வித்தியாசமோ? குருநகரில அதுக்குள்ள ஒரு குடும்பம் வீடு கட்டி, குசினியும் வைச்சு, வலை வைக்கக் கொட்டிலும் போடும். திருத்தித் தாங்கோ எண்டால் திரும்பவும் ஃபீஸ். வேறென்ன கேப்பினம்?

எங்களுக்கு மட்டும்தான் இந்தத் தலைவிதி எண்டும் இல்லை. ஸ்பெயினில ஃபனேகா எண்டொரு அளவு. அதுவும் விதைக்கிற தானியத்தை வைச்சு வந்ததுதான். மாகாணத்துக்கு மாகாணம் வேற வேற. 1849இல மெட்ரிக் சட்டம் போட்டும் ஃபனேகா ஊர்வாயை விட்டுப் போகேல்லை. பழைய ஸ்பானிஷ் உறுதியை இங்கிலீசாக்கிறவர், எந்த மாகாணத்து ஃபனேகா எண்டு பாராமல் ஏக்கரிலை எழுதினால் அங்கயும் இதே கூத்துத்தான்.

எனக்கு வயித்தெரிச்சல் கணக்கில இல்லை. பழைய அளவு கிடக்கட்டும், அழகுதான். பக்கத்தில ஒரு வரி, ‘இத்தனை சதுர மீற்றர்’ எண்டு எழுத என்ன செலவு? ஏன் எழுதினமில்லை தெரியுமோ? அந்த இடைவெளியில கன பேருக்குச் சோறு வேகுது. மண் நிரப்பின வயல்காணியை, ‘நாலு பரப்பு, வீடு கட்ட உகந்தது’ எண்டு விளம்பரம் போடுவினம். லண்டனில இருக்கிற பெடியன் 40 பேர்ச்சஸ் எண்டு நினைச்சுக் காசு அனுப்புவான். கையில கிடைக்கிறது 27கூட வராது. புரோக்கர் பொய் சொன்னவரோ? இல்லையே! நாலு பரப்பு நாலு பரப்புத்தானே!

உறுதி எழுதிற ஐயாமாரே, மொழிபெயர்ப்புக்குச் சீல் குத்திறவையே, அந்த ஒரு வரியை எழுதுங்கோ. காணி வாங்கப் போறவை, விலையைப் பிறகு பேசுங்கோ. அட்வான்ஸ் குடுக்க முன்னம், “வரகோ, நெல்லோ?” எண்டு வாய் திறந்து கேளுங்கோ. மறுமொழியை எழுத்தில வாங்குங்கோ.