மின்னொழுக்கு என்று சொல்லித் தப்ப விடமாட்டோம்

லயத்தில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் காரணம் தயாராக இருக்கும்: மின்னொழுக்கு. இடி விழுந்தது, மழை பெய்தது என்கிற மாதிரி. அந்த வயரை இழுத்தது யார், அதற்கு மேல் செலவழிக்க மறுத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. மின்னொழுக்கு வானத்திலிருந்து விழுவதில்லை, தோழர்களே. எவனோ காசை மிச்சம் பிடித்திருக்கிறான்.

இப்போது உப்புவெளிக்கு வருவோம். திருகோணமலைக் கடற்கரை விடுதிகளுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இரவில் எங்கே படுக்கிறார்கள்? பின்வளவில், புல்வெட்டும் இயந்திரமும் பெயின்ட் வாளியும் போட்டுவைக்கிற தகரக் கொட்டிலில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குசினி யன்னலால் ஒரு வயர் வெளியே வந்து, வேலியில் தொங்கி, தென்னையைச் சுற்றி, கூரைத் தகரத்துக்குக் கீழே நுழைகிறது. நடுவில் இரண்டு மூன்று ஒட்டு, மேலே டேப். உப்புக் காற்று செம்பையே பச்சையாக அரிக்கிற ஊர் அது. ஐப்பசி பிறந்தால் மழை. ஒட்டில் தண்ணீர் இறங்கினால் தகரம் முழுவதும் கரண்ட் ஏறும். ஈரக்காலோடு கதவைத் தொடப்போவது முதலாளியின் மகனா?

"பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல. 30 மில்லி அம்பியருக்கு மேல் உடம்பில் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. 2,000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கிறது. அந்த 30 மில்லி அம்பியரைப் போல 300 மடங்கு! அதையே பேசாமல் விடுகிற 13 அம்பியர் பியூஸ், ஒரு ஆள் துடிப்பதைக் கண்டுகொள்ளுமா? சரி, வயரையாவது காப்பாற்றுமா என்றால், 3 அம்பியர் மட்டும் தாங்கும் மெல்லிய வயரைப் போட்டிருந்தால் பியூஸ் போகுமுன் வயர் எரிந்துவிடும்.

ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. எங்கோ ஒழுகுகிறது என்று கத்துகிற நாயைக் கொன்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்!

நாம் அரண்மனை கேட்கவில்லை. மெயின் போர்டிலிருந்து கொட்டிலுக்குத் தனி லைன், தனி பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். மண்வெட்டி எட்டாத ஆழத்தில் கவசக் கேபிள். தகரத்துக்கு எர்த். வேலை தெரிந்த மின்பணியாளர். சுற்றுலாப் பயணி தங்கும் கபானாவுக்கு இதெல்லாம் செய்யத் தெரிகிறதே, அதே வளவில் நாலு எட்டு தள்ளி இருக்கிற கொட்டிலுக்குக் கேபிள் நீளம் காணாதா? முதலில், ஆள் படுக்கிற இடமா அது என்ற கேள்வி வேறு இருக்கிறது. அதையும் விடமாட்டோம்.

விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தூங்கும் நேரத்தில் நடந்தது, வேலை நேரத்தில் இல்லை என்று வாதாடுவார்கள். வாதாடட்டும். அங்கே படுக்கச் சொன்னது அவர்கள்தானே? சம்பளச் சீட்டையும் கொட்டிலின் படத்தையும் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அடுத்த முறை மகன் போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு ட்ரிப் சுவிட்சைப் பற்றியும் கேளுங்கள். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது சுவிட்சே இல்லாவிட்டால், விடுதியின் பெயரைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். தொழில் திணைக்களத்துக்கு நாம் கொண்டுபோகிறோம். பிள்ளையின் பெயர் வெளியே வராது.